ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி எப்போது தொடங்க வேண்டும்? டிஸ்சார்ஜுக்கு முதல் நாளா, ஆபரேஷனுக்கு மறுநாளா?

மாயவரத்து மகள்

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பின் கழுத்து உடைந்துவிட்டது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பாதி மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் வருத்தமெல்லாம் அதற்கு அப்புறம் நடந்ததில்தான். "அசையாமல் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று அம்மாவைப் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். நெஞ்சில் சளி கட்டி மூச்சு இரைத்தது. குதிகாலில் தோல் கருத்துக் கொப்புளம் வந்தது. டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் சாயங்காலம்தான் பிசியோதெரபி செய்யும் தம்பி ஒருவர் வந்தார். வாக்கரைப் பிடித்து நிற்கச் சொன்னார். எழுந்ததுமே அம்மாவுக்குக் கண் இருட்டிவிட்டது. படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, "வீட்டில் செய்யுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை, ஆஸ்பத்திரி முழுவதற்கும் அவர் ஒருவர்தான்.

உள்நோயாளிக்கு பிசியோதெரபி எப்போது தொடங்க வேண்டும்? அதை யார் எழுத வேண்டும்? நாமாகக் கேட்டு வாங்கலாமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் விளக்கமாகச் சொன்னால் என்னைப் போன்ற நிறையப் பேருக்கு உதவும்.

நெல்லை பிசியோ

அம்மா சீக்கிரம் நன்றாக நடக்கட்டும் சகோதரி. நான் ஒரு பல்நோக்கு மருத்துவமனையில் எலும்பு வார்டையும் ஐ.சி.யு.வையும் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்தவரை விவரமாக எழுதுகிறேன்.

இடுப்பு மூட்டு முறிவுக்கு ஆபரேஷன் ஆனவரை, உடல்நிலையில் தடை எதுவும் இல்லையென்றால், மறுநாளே எழுப்ப வேண்டும். பிரிட்டனில் சிகிச்சைக்கு வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது. எழுப்புவது என்றால் எடுத்த எடுப்பில் நடக்க வைப்பதில்லை. முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திக் கொஞ்ச நேரம் சாய்த்து வைப்போம். அப்புறம் கால்களைத் தொங்கவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைப்போம். அப்போது பி.பி. பார்ப்போம். படுத்தே கிடந்தவர் எழுந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அம்மாவுக்குக் கண் இருட்டியது பெரும்பாலும் இதனால்தான். படிப்படியாக உட்கார வைத்துப் பழக்கியிருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம். உட்கார்ந்து தாங்கினால் வாக்கரோடு நிற்பது, அப்புறம் பக்கத்து நாற்காலிக்கு நாலு அடி. முதல் நாள் இலக்கு பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஆபரேஷன் செய்த டாக்டர் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்: காலில் முழு எடை போடலாமா, பாதியா, கூடவே கூடாதா? அந்த ஒரு வரி இல்லாமல் நாங்கள் நோயாளியைத் தொட முடியாது. பல இடங்களில் பிசியோ தாமதமாவது இதற்காகத்தான். டாக்டர் ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டரில்) இருப்பார், சிஸ்டருக்கு விவரம் தெரியாது, பிசியோ திரும்பிப் போய்விடுவார். ஒரு நாள் போய்விடும்.

நெஞ்சுச் சளி பற்றிச் சொன்னீர்கள். மல்லாந்தே படுத்திருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி அங்கேயே தங்கும். மூன்று பந்து உள்ள ஊதுகுழல் போன்ற கருவி ஒன்று கொடுப்பார்களே, அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். நிறைய வீட்டுக்காரர்கள் ஊதச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பந்து மேலே போனதும் விட்டுவிடாமல் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி வைத்தால்தான் பலன். ஆனால் கருவியைவிட, எழுந்து உட்காருவதே நுரையீரலுக்குப் பெரிய மருந்து.

குதிகாலுக்கு: கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு மெல்லிய தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தொங்க விடுங்கள். கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதை மணிக்கொரு தரம் செய்யச் சொல்லுங்கள். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க அது உதவும்.

சேலத்துக்காரன்

எனக்குத் தோள்பட்டை இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போனபோது பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். தினமும் கரண்ட் வைத்தார்கள், வெந்நீர்ப் பை வைத்தார்கள், அவ்வளவுதான். ஒரு முன்னேற்றமும் இல்லை. இதற்கா ஆஸ்பத்திரியில் ஒரு துறை?

கோவை எலும்பு மருத்துவர்

சேலத்து நண்பரே, உங்கள் கேள்வி நியாயமானது. கரண்ட், அல்ட்ராசவுண்ட், மெழுகு ஒத்தடம் எல்லாம் வலியைச் சற்று மட்டுப்படுத்தலாம், அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. கீழ்முதுகு வலிக்கு அல்ட்ராசவுண்டும், டென்ஸ், ஐ.எஃப்.டி. என்ற கரண்ட் சிகிச்சைகளும் வேண்டாம் என்று மேலே சொன்ன அதே நைஸ் அமைப்பு 2016-இலேயே எழுதிவிட்டது. தோள் இறுக்கத்துக்கு முக்கியமானது மூட்டை அசைத்து நெகிழ்த்துவதும் நீங்களே வீட்டில் செய்யும் பயிற்சியும்தான். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் அதிகம் வரும், சரியாகவும் நாளாகும்.

ஆஸ்பத்திரிகள் மெஷின் வாங்கி வைக்கின்றன, பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆள் வைப்பதில்லை. ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மெஷின் மாட்டிவிடலாம், ஐந்து பேரை ஒரே நேரத்தில் நடக்க வைக்க முடியாது. காரணம் இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வார்டு சிஸ்டர்

நான் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். பக்கவாத நோயாளிகள் உள்ள வார்டு. பகலில் பிசியோ வந்து போகும் அரை மணி நேரத்தை மட்டும் பேசினால் பாதிக் கதைதான். மீதி நேரம் முழுவதும் நாங்களும் கூட இருக்கும் சொந்தக்காரர்களும் அந்த உடம்பை எப்படிப் பிடிக்கிறோம், எப்படிப் படுக்க வைக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வாதம் வந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதைத் தினமும் பார்க்கிறேன். அல்லது அக்குளில் கைவிட்டு இரண்டு பேர் தூக்குவார்கள். அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தோளில் தசை செத்துத் தொங்கிக்கொண்டிருக்கும், மூட்டைப் பிடித்து வைக்க எதுவும் இருக்காது. இழுத்தால் மூட்டு இறங்கிவிடும். அப்புறம் கையில் உயிர் வந்தாலும் தோள் வலியால் அந்தக் கையை உபயோகிக்கவே மாட்டார்கள்.

எங்கள் வார்டு பிசியோ அக்கா ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். ஒரு நீளத் துண்டையோ பழைய வேட்டியையோ மடித்து நோயாளியின் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். தூக்குகிறவர் கையைத் தொடாமல் அந்தத் துண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நோயாளியின் இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்க வேண்டும், மூக்கு முழங்காலுக்கு நேரே வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்து எழ வேண்டும். ஒரு பைசா செலவில்லை. இப்போது புது நோயாளி வந்தால் பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவியே துண்டு கட்டக் கற்றுக் கொடுக்கிறார்.

அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைப்பது. ராத்திரி டூட்டியில் ஆள் குறைவு. சொந்தக்காரர்கள் தூங்கிவிடுவார்கள். நான் பார்த்தவரை படுக்கைப் புண் பெரும்பாலும் ராத்திரியில் உண்டாவதுதான்.

தீவிர சிகிச்சை

மருத்துவர், ஐ.சி.யு. பணி. சிஸ்டர் சொன்னதை வழிமொழிகிறேன். என் பக்கத்து அனுபவத்தையும் சேர்க்கிறேன்.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு என்ன பிசியோதெரபி என்று வீட்டார் கேட்பார்கள். உண்மையில் அங்கேதான் அவசரமே. 2013-இல் வந்த ஓர் ஆய்வில், ஐ.சி.யு. நோயாளிகளின் தொடைத் தசையை ஸ்கேனில் அளந்து பார்த்தார்கள். 10 நாளில் சராசரியாக 18 சதவீதம் அளவுக்குத் தசை கரைந்திருந்தது. நுரையீரல் சரியாகி வென்டிலேட்டரைக் கழற்றிய பிறகும் தலையைத் தூக்க முடியாமல், ஸ்பூனைப் பிடிக்க முடியாமல் இருக்கிறார்களே, அது இதனால்தான்.

2009-இல் லான்செட் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். வென்டிலேட்டரில் இருந்த 104 பேர். ஒரு பாதிப் பேருக்கு மயக்க மருந்தைத் தினமும் நிறுத்தி, விழித்திருக்கும் நேரத்தில் ஆரம்ப நாட்களிலிருந்தே உடற்பயிற்சி கொடுத்தார்கள். மறுபாதிக்கு மயக்க மருந்தை அதேபோல் நிறுத்தினாலும், பயிற்சி வழக்கமான முறையில் தாமதமாக. ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருந்தவர்கள் முதல் குழுவில் 59 சதவீதம், இரண்டாவதில் 35. மனக்குழப்பம் இருந்த நாட்களும் முதல் குழுவுக்குக் குறைவு.

செய்வது சுலபமில்லை. வாயில் டியூபோடு ஒருவரைக் கட்டிலோரத்தில் உட்கார வைக்க, டியூபைப் பிடிக்க ஒருவர், முதுகைத் தாங்க ஒருவர், டிரிப், யூரின் பை ஒயர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். எல்லார் கண்ணும் மானிட்டரில் இருக்கும். ஆக்ஸிஜன் அளவு இறங்கினால் உடனே படுக்க வைக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் இல்லாமல் நாங்கள் இதைச் செய்ததே இல்லை.

அதே சமயம் ஓர் எச்சரிக்கை. சீக்கிரம் நல்லது என்றால் மிகச் சீக்கிரம், மிக அதிகம் இன்னும் நல்லது என்று அர்த்தமில்லை. பக்கவாத நோயாளிகள் 2,104 பேரை வைத்து 5 நாடுகளில் நடந்த அவெர்ட் ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அதிக நேரம், அடிக்கடி எழுப்பி நடக்க வைத்த குழுவில், மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் சற்றுக் குறைவாகவே இருந்தார்கள். எனவே பக்கவாதத்தின் முதல் நாளில் சிறுகச் சிறுகத்தான் செய்ய வேண்டும். யூடியூப் பார்த்து வீட்டார் தாங்களாகவே முதல் நாளே நடக்க வைக்க வேண்டாம்.

மாயவரத்து மகள்

எல்லோருக்கும் நன்றி. பந்து கருவியை நாங்கள் ஊதச் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். இன்னொரு சந்தேகம். வீட்டில் இந்தியன் டாய்லெட்தான். அம்மா பாயில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டே பழகியவர். எத்தனை நாளில் அப்படி உட்காரலாம்? டிஸ்சார்ஜ் ஷீட்டில் இதைப் பற்றி ஒன்றுமில்லை.

நெல்லை பிசியோ

சகோதரி, இதை டிஸ்சார்ஜுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். மூட்டு மாற்றியவர் குத்துக்கால் போட்டு உட்காரவே கூடாது, சம்மணமும் வேண்டாம். பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, காலுக்கு மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. மூன்றும் சேர்ந்தால் இடுப்பு மூட்டின் பந்து அதன் கிண்ணத்தைவிட்டு நழுவிவிடலாம். தாழ்வான சோபாவும் ஆபத்து. இன்றைக்கே நடுவில் ஓட்டை உள்ள கமோட் நாற்காலி ஒன்று வாங்கி இந்தியன் டாய்லெட்டின் மேல் வையுங்கள், மருந்துக் கடைகளிலேயே கிடைக்கும். உயரம் அம்மாவின் முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கட்டும். தூங்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். எந்தப் பக்கமாகத் திறந்து செய்தார்கள், இந்தக் கட்டுப்பாடு எத்தனை நாளைக்கு என்று ரெவ்யூவுக்குப் போகும்போது டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

லண்டன் தமிழ்

நான் இங்கே பிரிட்டன் அரசின் மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். வார்டில் வேலை செய்கிறேன். மேலே பேசிய டாய்லெட் கேள்வி இங்கே நோயாளி வார்டில் இருக்கும்போதே வந்துவிடும். வீட்டில் எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், கட்டில் எவ்வளவு உயரம், கூட யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் பிசியோவும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் கேட்டு எழுதுவார்கள். ஆஸ்பத்திரியிலேயே ஒரு படிக்கட்டு வைத்து ஏறி இறங்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அவர்கள் சரி என்று சொல்லாமல் டாக்டர் நினைத்தாலும் அனுப்புவது கஷ்டம். இதைத்தான் நம் ஊருக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு வெளிநோயாளியாக பிசியோவைப் பார்க்க இங்கே நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். அதில் நம் ஊர் எவ்வளவோ மேல்.

திருச்சி நிர்வாகி

நான் நடுத்தர அளவுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாகத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துச் சிக்கலையும் கேளுங்கள். ஆபரேஷன்கள் பெரும்பாலும் பேக்கேஜில், அதாவது எல்லாம் சேர்த்து ஒரே தொகையில் போகின்றன. காப்பீட்டில் பிசியோதெரபிக்கென்று தனித் தொகை வராது. வார்டுக்குப் போகும் பிசியோ எங்கள் கணக்கில் செலவு, கீழ்த்தளத்தில் வெளிநோயாளி பார்க்கும் பிசியோ வருமானம். அதனால்தான் எங்கும் ஆட்கள் கீழ்த்தளத்திலேயே இருக்கிறார்கள். மனமில்லாமல் இல்லை.

நெல்லை பிசியோ

சார், வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. கணக்கை வேறு மாதிரிப் போட்டுப் பாருங்கள். வயிற்றின் மேல்பகுதியில் பெரிய ஆபரேஷன் செய்யப் போகும் 441 பேரை வைத்து ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓர் ஆய்வு நடந்தது, 2018-இல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. ஆபரேஷனுக்கு முன்பே ஒரே ஒரு தடவை, 30 நிமிடம், பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். எப்போது செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்று விளக்கினார். இன்னொரு குழுவுக்கு வெறும் கையேடு. நுரையீரல் சிக்கல் வந்தவர்கள் கையேட்டுக் குழுவில் 27 சதவீதம், பிசியோ பேசிய குழுவில் 12 சதவீதம். பேக்கேஜ் என்றால் நிமோனியா வந்து கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் கையிலிருந்து போகும் பணம்தானே? 30 நிமிடத்துக்கு ஆகும் சம்பளம் அதன் பக்கத்தில் நிற்காது.

ஆபரேஷனுக்குப் பிறகு, தையல் வலியில் எல்லோரும் இருமப் பயப்படுவார்கள். முன்பே சொல்லி வைத்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு அவர்களே இருமிவிடுவார்கள். இதய ஆபரேஷன் ஆனவர்களுக்கும் நெஞ்சில் தலையணையை அணைத்து இதையேதான் பழக்குகிறோம். முழங்கால் மாற்றியவர்களிடம், முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். வலிக்கு அது இதமாக இருக்கும், ஆனால் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். முழுசாக நீட்ட முடியாத முட்டியோடு நடப்பது கடைசிவரை கஷ்டம்.

வேலூர்க்காரன்

இந்தப் பேச்சில் டாக்டர் மேரி வர்கீஸ் பெயர் வந்தே ஆக வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றியவர். 1954-இல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். டாக்டர் பால் பிராண்ட் அங்கே மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாரை மாற்றிக் கட்டும் சிகிச்சையைச் செய்துகொண்டிருந்த காலம் அது. மாற்றிக் கட்டிய தசைநாருக்குப் புது வேலை எதுவென்று தெரியாது. எந்த அசைவுக்கு எந்தத் தசையை இயக்க வேண்டும் என்று ஒவ்வொரு விரலுக்கும் பழக்கினால்தான் அந்தக் கை டம்ளரைப் பிடிக்கும். அதாவது கத்தி வேலை முடிந்த இடத்தில் பிசியோதெரபி வேலை தொடங்கியது.

மேரி வர்கீஸ் பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். வேலூர் பாகாயத்தில் 1966-இல் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ. மரத்திலிருந்து விழுந்தவர், கிணறு வெட்டும்போது விழுந்தவர், பைக் விபத்தில் தண்டுவடம் போனவர் என்று எத்தனையோ பேர் அங்கே வந்து, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தாங்களாகவே மாறக் கற்றுப் போயிருக்கிறார்கள். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் அதே வழியில் வந்தது. அதை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணனும் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்தான்.

யாழ் வாசகி

நாங்கள் இங்கே இயன் மருத்துவம் என்றுதான் சொல்லுவோம். போர்க் காலத்தில் கண்ணிவெடியில் கால் இழந்தவர்கள் எவ்வளவு பேர் என்று உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் நிறுவனம் 1987-இலிருந்து செயற்கைக் கால் செய்து கொடுக்கிறது. ஆனால் கால் பொருத்துவதற்கு முன்னால் வைத்தியசாலையில் நடக்கிற வேலைதான் பெரிய வேலை. துண்டித்த பிறகு மீதியிருக்கிற பகுதிக்கு நுனியிலிருந்து மேல்நோக்கி இறுக்கம் குறைந்துகொண்டு போகிற மாதிரி பன்டேஜ் சுற்ற வேண்டும், அப்போதுதான் வீக்கம் வற்றி நல்ல வடிவத்துக்கு வரும். துண்டித்த காலுக்குக் கீழே தலையணை வைக்கக் கூடாது. முழங்காலுக்கு மேலே துண்டித்தவர்கள் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு மடங்கி இறுகிவிடும், பிறகு எவ்வளவு நல்ல செயற்கைக் கால் கிடைத்தாலும் நிமிர்ந்து நடக்க ஏலாது. இப்போது போர் இல்லை, சர்க்கரை வியாதியால் கால் எடுக்கிறவர்கள்தான் வருகிறார்கள். அவர்களுக்கும் இதே வேலைதான்.

சேலத்துக்காரன்

சர்க்கரை இருக்கிறது டாக்டர். இப்போது சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி தொடங்கியிருக்கிறேன். இன்னொன்று: எங்கள் பக்கம் எலும்பு முறிந்தால் ஆபரேஷன் முடிந்த பிறகும் கட்டுக் கட்டுபவரிடம் போய் எண்ணெய் போட்டு நீவிக்கொள்வார்கள். அது தவறா?

கோவை எலும்பு மருத்துவர்

பிளேட், ஸ்க்ரூ போட்ட இடத்தை அழுத்தி நீவுவதும் மூட்டை வலுக்கட்டாயமாக மடக்குவதும் ஆபத்து. அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பின் கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்து, சூடாக இருந்தால் தயவுசெய்து யாரும் நீவ வேண்டாம். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்த ரத்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நல்ல பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு முறையும் பயிற்சிக்கு முன் அந்தக் காலைத் தொட்டுப் பார்ப்பார். வார்டில் இதை முதலில் கண்டுபிடித்து எனக்கு போன் செய்தவர்கள் பல தடவை அவர்கள்தான்.

தென்காசி வாசகர்

வீட்டுக்கே வந்து செய்யும் வசதியையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது. பி.பி., சர்க்கரை மாத்திரை கொடுப்பது மட்டும்தான் பலருக்குத் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டில் பிசியோதெரபியும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவருக்கு இப்படித்தான் வந்து பார்க்கிறார்கள். தினமும் வர முடியாது, ஆனால் மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டமும் அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும். அப்படிப் பிழைத்தவர் மறுபடி வேலைக்குப் போக மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்படுகிறது, அதற்கும் இதே அக்கறை வர வேண்டும்.

மாயவரத்து மகள்

கமோட் நாற்காலி வாங்கிவிட்டோம். என் முதல் கேள்விக்கு இன்னும் பாதிப் பதில்தான் கிடைத்தது. யார் எழுத வேண்டும்? டாக்டர் எழுதாவிட்டால் பிசியோ தானாக வரக் கூடாதா?

தீவிர சிகிச்சை

2021-இல் வந்த தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம், பிசியோதெரபிஸ்ட் தனியாகவும் பணி செய்யலாம், குழுவின் பகுதியாகவும் பணி செய்யலாம் என்கிறது. ஆனால் உள்நோயாளி விஷயத்தில் டாக்டரின் ஒப்புதல் இல்லாமல் எழுப்புவதை நான் ஏற்க மாட்டேன். பி.பி. இறங்காமல் தாங்கும் மருந்து டிரிப்பில் ஓடிக்கொண்டிருக்கலாம், உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம்.

நெல்லை பிசியோ

ஒப்புக்கொள்கிறேன் டாக்டர். நாங்கள் கேட்பது அதிகாரத்தை அல்ல, தகவலை. எங்கள் மருத்துவமனையில் செய்த ஒரு மாற்றத்தால் சண்டையே இல்லாமல் போனது. இடுப்பு முறிவு, மூட்டு மாற்று, பக்கவாதம், வென்டிலேட்டர், பெரிய வயிற்று ஆபரேஷன், இவற்றில் எது அட்மிட் ஆனாலும் பிசியோ ஆர்டர் அட்மிஷன் தாளிலேயே அச்சாகியிருக்கும். டாக்டர் வேண்டாம் என்று நினைத்தால் மட்டும் அதை அடித்துக் காரணம் எழுதுவார். எடை போடலாமா என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள், ஓ.டி.யிலேயே டிக் செய்துவிடுவார். அதற்கு முன்பு டாக்டரைத் தேடி அலைந்த நேரம் எல்லாம் இப்போது நோயாளிக்குப் போகிறது.

கோவை எலும்பு மருத்துவர்

நல்ல ஏற்பாடு. ஆபரேஷன் நோட்ஸ் எழுதும்போதே ஒரு டிக் போடுவதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

வார்டு சிஸ்டர்

எல்லாம் சரி, ஞாயிற்றுக்கிழமை? சனிக்கிழமை ஆபரேஷன் ஆனவர் திங்கள்கிழமை வரை படுத்தே கிடக்கிறார். ஆர்டர் அச்சாகியிருந்து என்ன பயன், வர ஆள் வேண்டுமே.

திருச்சி நிர்வாகி

சிஸ்டர் சொல்வது எங்கள் இடத்திலும் அப்படித்தான். நெல்லை நண்பர் சொன்ன கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கூட்டத்தில் பேசப் போகிறேன். முதலில் எலும்பு வார்டும் ஐ.சி.யு.வும் மட்டும். ஒரு பிசியோதெரபிஸ்ட்டால் வார்டில் ஒரு நாளைக்கு எத்தனை பேரை ஒழுங்காகப் பார்க்க முடியும்? ஞாயிறுக்கு எத்தனை ஆள் வேண்டும்?

நெல்லை பிசியோ

ஒருவருக்கு அரை மணி என்று வைத்தால், குறிப்பெழுதும் நேரமும் மாடி ஏறி இறங்கும் நேரமும் போக 10 முதல் 12 பேர் சார். ஐ.சி.யு. என்றால் இன்னும் குறையும், அங்கே ஒருவரை உட்கார வைக்கவே முக்கால் மணி ஆகிவிடும். ஞாயிறுக்கு ஒருவர், காலை நேரம் மட்டும் போதும். அவருக்கு வாரத்தில் வேறொரு நாள் ஓய்வு கொடுத்துவிடுங்கள், புது ஆள் எடுக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலமே சிஸ்டர்கள் இரண்டு பட்டியல் எழுதி வைக்கட்டும்: இன்று ஆபரேஷன் ஆனவர்கள், மூச்சுத் திணறல் உள்ளவர்கள். அவர் நேரே அந்தப் படுக்கைகளுக்குப் போய்விடுவார். எங்கள் அட்மிஷன் தாளின் மாதிரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், வேண்டிய மற்றவர்களும் கேளுங்கள்.